கடப்புறத்துப் பிள்ளைகளும் காவலர் தேர்வும்

1. வரிசை நிரம்பியிருந்தது

பயிற்சியின் முதல் நாள் காலையில் நான் நாகர்கோவில் ஆயுதப்படை மைதானத்துக்குள் நுழைந்தபோது, 'ஃபால் இன்' என்று கட்டளை சொல்வதற்கு முன்பே வரிசை நின்றுகொண்டிருந்தது. ஐம்பது இடத்துக்கு ஐம்பது பேரும் வந்துவிட்டார்கள். எல்லோர் காலிலும் நல்ல ஷூ. பாதிப் பேர் அப்பாவின் பைக்கில் வந்து இறங்கியிருந்தார்கள். முன்வரிசையில் நின்ற நாலைந்து முகங்களை எனக்கு ஏற்கெனவே தெரியும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் பார்க்கிற முகங்கள்.

அப்போது நான் ஆயுதப்படையில் சப் இன்ஸ்பெக்டர். பயிற்சிப் பள்ளியிலும் மைதானத்திலுமாகப் பல வருடம் டிரில் சொல்லிக்கொடுத்தவள். சிறுபான்மை வகுப்பினர் காவல் துறையில் கூடுதலாகச் சேர வேண்டும் என்று அரசு நிதி ஒதுக்கி, இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு இலவசப் பயிற்சி நடத்தச் சொல்லியிருந்தது. எங்கள் மாவட்டத்தில் அதை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. தேர்வில் ஒரு மதிப்பெண்ணும் யாருக்கும் தளர்த்தப்படாது. பயிற்சி, ஷூ, காலையில் முட்டை, சுண்டல், எழுத்துத் தேர்வுக்கு இரண்டு ஆசிரியர்கள், இவ்வளவுதான் அந்த நிதியில். இதைப் பலர் இன்றைக்கும் தவறாகப் புரிந்துகொள்வதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வரிசையில் ஒவ்வொருவராக ஊர் கேட்டேன். மார்த்தாண்டம், நாகர்கோவில், தக்கலை, மறுபடியும் நாகர்கோவில். அப்பா என்ன வேலை என்று கேட்டேன். ஆசிரியர், மின்வாரியம், வங்கி, வெளிநாடு. கடப்புறம் என்று நாங்கள் சொல்லும் கடற்கரையில் ஒரு ஊரின் பெயரும் வரவில்லை. முஸ்லிம் பிள்ளைகள் இரண்டே பேர்.

எங்கள் மாவட்டத்தில் சிறுபான்மை என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றும். நானும் சிறுபான்மைதான். ஆனால் என் அப்பா மிஷன் பள்ளியில் ஹெட்மாஸ்டர், பெரியப்பா தபால் துறை, என் வீட்டில் நான் இரண்டாவது போலீஸ். எங்களைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைகள் நிதி இல்லாவிட்டாலும் தேர்வு எழுதுவார்கள். தனியார் மையத்தில் பணம் கட்டிப் படிப்பார்கள். இனயம் பக்கத்துக் கடற்கரையில் ஒரு ஊரையே எடுத்துக்கொண்டாலும் போலீஸ் வேலையில் ஒரு ஆள் கிடைப்பது அபூர்வம். நிதி யாருக்காக வந்ததோ அவர்கள் வரிசையில் இல்லை.

தொடக்க விழாவுக்கு வந்த எங்கள் டி.எஸ்.பி. வரிசையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். மதுரைப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், எதையும் சீக்கிரம் முடிக்க விரும்புகிறவர்.

"முதல் நாளே ஃபுல்லா? அப்புறம் என்ன கிரேஸ், இன்னைக்கே ரிப்போர்ட் அனுப்பிடலாம்ல?"

"ஒரு வாரம் டைம் குடுங்க சார். கடப்புறத்துல இருந்து ஒருத்தரும் வரல."

"விளம்பரம் குடுத்தோம், நோட்டீஸ் ஒட்டினோம். வரலைன்னா அவங்களுக்கு இஷ்டமில்லைன்னு அர்த்தம். சீட்டைக் காலியா வச்சிருந்தா ஃபண்டைத் திருப்பி எடுத்துக்குவாங்கம்மா. பதில் சொல்ல வேண்டியது நான்."

"ஒரு வாரத்துல ஆள் வரலன்னா இவங்களையே வச்சு நடத்துதேன் சார்."

அவர் ஒரு வாரம் கொடுத்தார். அந்த ஐம்பது பேரில் வசதியுள்ள இருபத்தைந்து பேரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். மைதானத்தில் எங்களோடு ஓடலாம், டிரில் கற்றுக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டோம். ஆனால் திட்டத்தின் இடம் கிடையாது. அந்த இருபத்தைந்து பேரில் ஒருவன் ஜெபின், என் தம்பி மகன்.

தம்பி சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டான்.

"சொந்த மருமவனயே வெளிய நிறுத்தினியாமே. சர்ச்சுல கேக்குதாவ அக்கா, நான் என்ன சொல்ல?"

"வெளிய நிறுத்தல. கிரவுண்டுக்கு வரட்டும். நானே ஓட வைக்கேன்."

"அந்த சீட்டுல வேற யாரு வந்து இருக்கப்போறா? கடப்புறத்துக்காரனா? அவன் வருவானா?"

"வருவாவளான்னு போய்க் கேட்டாத்தானே தெரியும்."

அவன் காப்பி குடிக்காமல் போனான்.

2. ஸ்டெல்லா சொன்னது

கடற்கரைக்குப் போக யூனிஃபார்ம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். சேலை கட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். முதல் மூன்று ஊர்களில் மரியாதையாக நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

நாலாவது ஊரில் பள்ளி ஆசிரியை ஒருவர் ரெஜினாவின் வீட்டைக் காட்டினார். பி.காம். முடித்துவிட்டு ஐஸ் பிளான்டில் பில் போடும் வேலை செய்துகொண்டிருந்தாள். கல்லூரியில் குண்டு எறிதலில் பரிசு வாங்கியவள். நான் போனபோது அவள் வேலைக்குப் போயிருந்தாள். அம்மா ஸ்டெல்லா மீன் விற்றுவிட்டு வந்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"போலீசு வேலையா? எங்க வீட்டுலயா?"

"ஏன், வேண்டாமா?"

"நான் ஒருக்க ஸ்டேஷனுக்குப் போனேன் கேட்டியளா. கடல்ல காத்து கெளம்பி, என் மாப்பிள போன வள்ளம் வரல. ஆளக் காணலன்னு சொன்னேன். எழுதுத ரைட்டர் பக்கத்துல இருந்தவருட்ட, 'இது என்ன பாஷைடே, மலையாளமா'ன்னு கேட்டுச் சிரிச்சாரு. திரும்பச் சொன்னேன். திரும்பவும் சிரிச்சாவ. அன்னு ராத்திரி மாப்பிள வந்துட்டாரு. வராம இருந்திருந்தா அந்தச் சிரிப்ப நெனச்சே நான் செத்திருப்பேன்."

அது எந்த ஸ்டேஷன் என்று நான் கேட்கவில்லை. மனதில் இருந்ததைச் சொன்னேன்.

"நீங்க பேசுறது தெரிஞ்ச ஒரு பொண்ணு அந்த மேசைக்கு அந்தப் பக்கம் இருந்திருந்தா சிரிச்சிருப்பாளா?"

ஸ்டெல்லா ஒத்துக்கொள்ளவில்லை.

"அங்க போனா அவளும் உங்கள மாதிரி ஆயிருவா. பின்ன எங்களப் பாத்து அவளும் சிரிப்பா."

"அவ சிரிப்பாளா இல்லியான்னு என்னவிட உங்களுக்குத்தான் தெரியும்."

மகளிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். ஐஸ் பிளான்டுக்கு நடந்தேன். ரெஜினா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள். "காலத்த ஆறு மணிக்கு நாரோயில் கிரவுண்டுக்கு எப்படி மேடம் வர? இங்க முதல் பஸ்சே அதுக்குப் பொறவுதான."

மூன்று ஊரிலும் யாரும் இதை என்னிடம் சொல்லவில்லை. அவர்களுக்கு இஷ்டமில்லை என்று நாங்கள் எழுதியிருப்போம். பஸ் இல்லை என்பதுதான் பாதிக் காரணம்.

3. வேன்

தொடக்க விழா பேனருக்கும் விளம்பரத்துக்கும் நிதியில் ஒரு பகுதி வைத்திருந்தார்கள். அதை வேன் வாடகைக்கு மாற்றித் தரும்படி டி.எஸ்.பி.யிடம் கேட்டேன்.

"வேனுக்கு ரூல் இருக்கா கிரேஸ்? நாளைக்கு ஆடிட்ல என்னை நிக்க வைப்பாங்க."

"பேனருக்கு ரூல் இருக்கு சார். ஆனா பேனர் போலீஸ் ஆகாதே."

அவர் சிரித்துவிட்டார். மேலே எழுதி அனுமதி வாங்கித் தந்தவரும் அவரே. அதை மறக்கக் கூடாது. நல்ல அதிகாரியிடம் விஷயத்தைச் சரியாகச் சொன்னால் ரூலுக்குள்ளேயே வழி கண்டுபிடிப்பார்.

வேன் வரும் என்றதும் கடற்கரையில் பேச்சு மாறியது. ரெஜினா தன் ஊரிலிருந்து நாலு பேரைச் சேர்த்தாள். அடுத்த ஊர்களிலிருந்தும் வந்தார்கள். அஜின் என்று ஒரு பையன், வள்ளத்தில் போகிறவன், கயிறு ஏறும் பயிற்சியில் நான் விசிலை வாயில் வைப்பதற்குள் மேலே போய் உட்கார்ந்துவிடுவான். ஆனால் ஷூ போட்டால் அவனுக்கு ஓட வராது. இரண்டு வாரம் கொப்புளத்தோடு நொண்டினான். நாங்கள் டிரில்லில் சொல்லும் காஷன், அதாவது கட்டளை, கடல் இரைச்சலில் கேட்டு வளர்ந்த காதுக்கு ஒரு சிரமமே இல்லை. மைதானத்தின் அடுத்த கோடியிலிருந்து சொன்னாலும் கேட்கும். அவர்கள் பதில் சொன்னால் ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

முஸ்லிம் பிள்ளைகள் வருவதற்கு முதலில் வீட்டாருக்கு நம்பிக்கை வர வேண்டியிருந்தது. தக்கலைப் பக்கம் நஸ்ரின் என்ற பெண். அவளுடைய வாப்பா மளிகைக் கடைக்காரர். முதல் நாள் மகளோடு வந்து மைதான ஓரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். பயிற்சி முடியும் வரை எழுந்திருக்கவில்லை. மறுநாளும் வந்தார். தலையில் துணியோடு ஓடலாமா என்று கேட்டார். பயிற்சியில் ஓடலாம், தேர்வு நாளில் என்ன விதி என்று கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டு, உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒரு வாரத்துக்குப் பிறகு நான் பார்க்கும்போது நீளம் தாண்டும் குழியில் டேப்பின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கால் கோட்டுல பட்டுட்டு மக்ளே, இது கணக்கில்ல. திரும்பச் சாடு," என்று யாரோ ஒரு கடற்கரைப் பெண்ணைத் திருப்பி அனுப்பினார். என்னைவிடக் கண்டிப்பான நடுவர் எனக்குக் கிடைத்துவிட்டார்.

ஜெபினும் தினமும் வந்தான். முட்டை வாங்கும் வரிசையில் நிற்காமல் ஓரமாக நின்று தண்ணீர் குடித்துவிட்டு ஓடுவான். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் தீர்மானம் சரி என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

4. வேன் காலியாக வந்த நாள்

தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாளே இருந்தபோது அது நடந்தது. ஒரு காலையில் வேன் காலியாக வந்து நின்றது. டிரைவர் மட்டும் இறங்கினார்.

"ஆளு ஏத்த முடியல மேடம். ஊரே ரோட்டுல இருக்கு. ஒரு போட்டு கரைக்கு வரல. தேடுததுக்கு ஹெலிகாப்டர் அனுப்பலன்னு மறியல்."

அன்றைக்கு மைதானத்தில் இருந்த ஆயுதப்படைக் காவலர்கள் எல்லோரும் பந்தோபஸ்துக்கு அங்கே அனுப்பப்பட்டார்கள். டி.எஸ்.பி.யும் போனார். எனக்கு மைதானத்திலேயே இருக்க உத்தரவு. ஒருபுறம் என்னோடு வேலை பார்க்கும் காவலர்கள், மறுபுறம் நான் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகள். இரண்டு பக்கமும் என் ஆட்கள் நிற்க, நான் நஸ்ரினுக்கும் ஜெபினுக்கும் நூறு மீட்டர் ஓட்டத்துக்கு விசில் ஊதிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் ஒரு பஸ் கண்ணாடி உடைந்தது. லேசான தடியடி நடந்தது. சாயங்காலம் மறியல் கலைந்தது. வழக்கு பதிவானது. பெயர் தெரிந்தவர்கள் சிலர், பார்த்தால் அடையாளம் தெரியும் என்று இன்னும் பலர்.

வெளியே இருப்பவர்களுக்கு இதன் கனம் தெரியாது. காவலர் தேர்வில் ஓடி, எழுதி, தேர்ச்சி பெற்ற பிறகு கடைசியில் நடத்தை விசாரணை உண்டு. வழக்கில் பெயர் இருந்தால் அவ்வளவுதான். கடற்கரைப் பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும். அடுத்த நாளும் வேன் காலியாகத்தான் வந்தது. அதற்கடுத்த நாளும்.

நான் மறுபடி சேலை கட்டிக்கொண்டு போனேன். இந்த முறை யாரும் நாற்காலி போடவில்லை. ஸ்டெல்லாவின் முழங்கையில் கட்டு இருந்தது.

"எங்க பிள்ளையள கேசுலயும் போடுவிய, வேலைக்கும் கூப்பிடுவிய. இது என்ன ஞாயம்?"

ரெஜினா கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். நான் அவளிடம் நேராகக் கேட்டேன். "நீ ரோட்டுல இருந்தியா?"

"இருந்தேன் மேடம். அம்ம பக்கத்துல இருந்தேன். போட்டுல போனது எங்க சித்தப்பா."

"கல்லெறிஞ்சியா?"

"இல்ல."

"அப்ப நாளைக்கு வேனுல ஏறு. மத்தது நான் பேசுதேன்."

"பேசி நடக்கலன்னா?"

"நடக்கலன்னா நானே வந்து உன்ட்ட சொல்லுவேன். வேற ஆள் வாயால நீ கேக்க வேண்டாம்."

அவள் ஏறுவதாகச் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

5. வீடியோ

மறுநாள் டி.எஸ்.பி.யின் அறைக்குப் போனேன். மறியலின் வீடியோவை ஓட்டிப் பார்த்து ஆட்களை அடையாளம் காணும் வேலை நடந்துகொண்டிருந்தது. கடற்கரைப் பிள்ளைகளை நன்றாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதால் அவரே என்னைக் கூப்பிட்டிருப்பார். நான் முந்திக்கொண்டேன்.

"சார், அந்தக் கூட்டத்துல என் பிள்ளைங்க இருக்காங்க. மறைக்க வரல. நானே காட்டுதேன். ரோட்டுல உக்காந்ததும் கல்லெறிஞ்சதும் ஒண்ணில்லன்னு சொல்லத்தான் வந்தேன்."

"காட்டுங்க, பாப்போம்."

வீடியோ ஓடியது. ஒவ்வொருவராகக் காட்டினேன். தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ரெஜினாவைக் காட்டியதும் டி.எஸ்.பி. வீடியோவை நிறுத்தினார்.

"இந்தப் பொண்ணா? இது நம்ம டிரெய்னியா?"

அவள் ஏதோ செய்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

தொடக்க விழாவுக்குப் பிறகு அவர் மைதானத்துக்கு வரவே இல்லை. அவளை அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"ஒரு ஆம்புலன்ஸ் வந்துச்சு கிரேஸ். பிரசவ கேஸ். நான் மைக்ல கத்திக் கத்திப் பாத்தேன், பொம்பளைங்க நகரல. வழி விட்டா பின்னாடியே போலீஸ் வேன் நுழைஞ்சிடும்னு நினைச்சாங்க. இந்தப் பொண்ணு எந்திரிச்சு வந்துச்சு. ஆம்புலன்ஸ் கதவைத் திறந்து உள்ள பாத்துச்சு. அப்புறம் என்கிட்ட வந்து, 'உங்க வண்டிய ரெண்டு வீடு பின்னால எடுங்க சார், நான் வழி உண்டாக்கித் தாரேன்'னு சொல்லுச்சு. எடுத்தேன். அது போய் ரெண்டு வார்த்தைதான் பேசுச்சு. வழி கிடைச்சுது. ஆம்புலன்ஸ் போனதும் என்ன செஞ்சுச்சு தெரியுமா? திரும்ப அது இடத்துலயே போய் உக்காந்துடுச்சு."

"அவ சித்தப்பாவைத்தான் சார் காணல."

அவர் உடனே வழக்கை விசாரிக்கும் இன்ஸ்பெக்டரைப் போனில் கூப்பிட்டார். உட்கார்ந்திருந்தவர்களைச் சேர்க்க வேண்டாம், கண்ணாடியை உடைத்தவர்கள் மட்டும் போதும் என்றார். எஸ்.பி.யிடமும் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

வீடியோ மறுபடி ஓடியது. பஸ் வந்து நின்றது. கூட்டத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. கயிறு ஏறுகிற கை. எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"இது யாரு?" என்று கேட்டார்.

"அஜின் சார். அவனும் நம்ம டிரெய்னிதான்."

அவனை விட்டுவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. உட்கார்ந்தவளும் எறிந்தவனும் வேறு என்று சொன்ன வாயால் அதைக் கேட்க முடியாது. அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போய் நானே சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். "நான் எறிஞ்சேன் மேடம். போனது என் கூட்டுக்காரன்லா," என்று மட்டும் சொன்னான். கயிற்றில் அவனைப் போல் ஏறுகிற ஒருவனை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. இப்போது கல்ஃபில் ஒரு மீன்பிடிக் கப்பலில் இருப்பதாகக் கேள்வி. நல்ல காவலராக வந்திருப்பான். அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது. ஆனால் அன்று நான் செய்ததை இன்றைக்கும் அப்படியேதான் செய்வேன்.

இஞ்சின் பழுதாகி நீரோட்டத்தில் அடித்துப்போன அந்தப் போட்டை வேறொரு போட்டுக்காரர்கள் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் உயிரோடு வந்தார்கள். உட்கார்ந்தவர்கள் மேல் வழக்கு இல்லை என்று ரெஜினாவிடமும் சொல்லியிருந்தேன். அடுத்த நாள் வேன் நிறைந்து வந்தது. ரெஜினா முதல் ஆளாக இறங்கி, ஒன்றும் நடக்காதது போல ஷூ லேஸைக் கட்டினாள்.

6. பாஸிங் அவுட்

அந்த முறை எங்கள் மைதானத்திலிருந்து கணிசமானவர்கள் தேர்வானார்கள். நஸ்ரின் நீளம் தாண்டுதலில் தவறி, அடுத்த தேர்வில் ஜெயித்தாள். அதுவரை அவளுடைய வாப்பா டேப்பை விடவில்லை. ஜெபினும் தேர்வானான். தம்பி போன் செய்து, "நீ சீட்டு குடுக்கலன்னாலும் எம்பிள்ள ஜெயிச்சான்," என்றான். சீட்டு இல்லாமலேயே அவன் ஜெயிப்பான் என்றுதான் நானும் நினைத்தேன் என்று பதில் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

ரெஜினாவின் பயிற்சி நிறைவு அணிவகுப்புக்கு ஸ்டெல்லா வந்திருந்தார். புதுச் சேலை. பக்கத்தில் நான். ரெஜினாவின் பிளட்டூன் சல்யூட் வைத்துக் கடந்து போனது. ஸ்டெல்லா கைதட்டவில்லை, கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அணிவகுப்பு கலைந்து பிள்ளைகள் பெற்றோரைத் தேடி ஓடி வந்தபோது, ரெஜினா தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்றாள். எல்லா அம்மாக்களும் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா மகளிடம் கேட்டார்:

"ஏட்டி, நாளைக்கு நம்ம ஊருல மறியல் நடந்து, அடிக்கச் சொல்லி ஆர்டர் வந்தா நீ என்ன செய்வ?"

இவ்வளவு வருட சர்வீஸில் எந்த மேலதிகாரியும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. ரெஜினா அவசரப்படவில்லை.

"ஆர்டர் வரதுக்கு முன்னால நான் வருவேன் அம்மா. வந்து உன் பக்கத்துல இருந்து பேசுவேன். நீ கேக்கலன்னா பின்ன எந்திரிச்சு என் இடத்துக்குப் போவேன். அதுக்குப் பொறவு நான் போலீசு, நீ பப்ளிக்."

ஸ்டெல்லா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, மகளின் சட்டைக் காலரில் மடங்கியிருந்த ஒரு முனையைச் சரிசெய்தார்.

"செரி. வா, போட்டோ எடுப்போம்," என்றார்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போதும் இது போன்ற திட்டங்களை நடத்தும் இளைய அதிகாரிகள் போன் செய்து, ஆள் வரவில்லை, என்ன செய்வது என்று கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான். நிதி வந்ததும் வரிசை தானாக நிரம்பும். அப்படி நிரம்பிய வரிசையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், அதில் யார் இல்லை என்று பாருங்கள். இல்லாதவர்களின் வீட்டுக்கு யூனிஃபார்ம் இல்லாமல் போங்கள். அவர்கள் நம் துறையைப் பற்றிச் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். பாதி கோபமாக இருக்கும், பாதி பஸ் நேரமாக இருக்கும். இரண்டுக்கும் வழி உண்டு. பிள்ளைகள் மைதானத்துக்கு வந்த பிறகு அவர்களுக்காகப் பொய் சொல்லாதீர்கள், சொல்ல வேண்டிய உண்மையை விடவும் செய்யாதீர்கள். அதற்குப் பிறகு உங்கள் வேலை சுலபம். விசில் ஊதினால் போதும், அவர்கள் ஓடிக்கொள்வார்கள்.